காலி அட்டைகள்

ஜூன் 3, செவ்வாய்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி நடப்பதைத் தேதி போட்டு எழுதிவைப்பதாக உத்தேசம். என்றாவது ஒரு நாள் இது யாருக்கு எதிராகவாவது பயன்படும்.

முதலில் விவரம். வயது ஐம்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் இணைப் பேராசிரியர். பேராசிரியர் ஆகியிருக்க வேண்டும். ஆகாததற்குக் காரணமானவர்களின் பட்டியல் தனியாக இருக்கிறது. பதினான்கு வருடங்களுக்கு முன்பு என் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அக்கா வடிவு தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். என் வலது அடிவயிற்றில் அது இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு மேல் ஒரு குறையும் வைக்கவில்லை. கிரியாட்டினின் 1.2, 1.3 என்று ஒரே இடத்தில் நின்றது. இரண்டரை வருடமாக ஏறுகிறது. கடைசியாக எடுத்தபோது 2.9. இந்த எண் ஏறினால் சிறுநீரகம் கெடுகிறது என்று பொருள்.

மாற்றிவைத்த சிறுநீரகம் வேற்றாளுடையது என்பதை உடம்பு கண்டுபிடித்துவிடாமல் இருக்க, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை போட வேண்டும். ஆயுள் முழுக்க. எனக்கு அறுவை செய்த ஆஸ்பத்திரியை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. அவர்களே இந்த மாத்திரையை எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். இலவசம் என்பதால் அதன் தரத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்கப்போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

வாஷிங் மெஷின் பழுது. வருவதாகச் சொன்னவன் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தாழையூத்தில் கல்யாணம். அக்காவின் நாத்தனார் மகளுக்கு. போகாமல் இருக்க முடியாது. பந்தியில் என் பக்கத்தில் அக்காவின் கணவர் பூதலிங்கம் அத்தான் வந்து உட்கார்ந்தார். இதற்காகவே காத்திருப்பார் போல.

"மாப்ளே, அந்த ஊறுகாயை ஒதுக்கி வையும். எங்க வீட்டுச் சாமான்லா ஒம்ம வயித்துல கெடக்கு."

எதிர் வரிசையில் இருந்த ஒருவர், யாரென்றே தெரியாது, "என்ன சாமான்?" என்று கேட்டார். அத்தான் விளக்கினார். எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், அக்கா கண் விழித்ததும் முதலில் யாரைக் கேட்டாள், எல்லாம். கேட்டவர் சாம்பாரை விட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். பதினான்கு வருடமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு கருமாதியிலும் இது நடக்கிறது. என் வயிற்றுக்கு நான் வாடகைக்கு இருப்பவன்.

கை கழுவும் இடத்தில் அக்கா வந்தாள். "எப்படிடே இருக்கு?" என்றாள்.

"நன்றாக இருக்கிறது" என்றேன். என்னைக் கேட்டாளா, அதைக் கேட்டாளா, தெரியவில்லை. 2.9 என்பதைச் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

இன்று முதல் ஒழுங்கு. வியாழன் பரிசோதனை.

ஜூன் 19, வியாழன்

வியாழக்கிழமைதோறும் எங்களுக்கான ஓ.பி. காலை மாத்திரையைப் போடாமல் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். முந்தின இரவு போட்டது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதில் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் 'லெவல்'. ரத்தம் கொடுத்த கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, எல்லோரும் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வோம். ஒரே நேரத்தில் முப்பது நாற்பது பேர் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். வெளியாள் பார்த்தால் ஏதோ சபை என்று நினைப்பான்.

அதன் பிறகு மருந்து ஜன்னல். அங்கே ஒரு விதி: போன மாதத்துக் காலி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் இந்த மாதத்துக்குப் புதிய அட்டை. ஜன்னலுக்குள் இருப்பவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, பதிவேட்டில் குறித்துக்கொள்வார்.

எனக்கு முன்னால் இசக்கியப்பன் நின்றான். சீவலப்பேரியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஆறு வருடத்துக்கு முன்பு அவன் தாயாரின் சிறுநீரகத்தை வைத்தார்கள். ஓர் அட்டை குறைந்தது.

"ஆடு தின்னுட்டு, அண்ணாச்சி."

"ஆட்டுக்கு எந்த வருஷம் ஆபரேசன் ஆச்சு?" என்று ஜன்னல் கேட்டது.

வரிசையே சிரித்தது. கடைசியில் அட்டை அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. என்னுடையவை எண்ணிக்கை சரியாக இருந்தன. எப்போதும் சரியாக இருக்கும்.

மாலையில் டாக்டர் ரெஜினா போன் செய்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சிறியவர். என்னைச் 'சார்' என்பார். அதில் மரியாதையைவிட எச்சரிக்கை அதிகம். "லெவல் 6.2, அழகா இருக்கு சார். ஆனா கிரியாட்டினின் 3.1. ஏன்னு புரியல. பயாப்சி பண்ணிப் பாத்துரலாம்."

ஜூன் 24, செவ்வாய்

பயாப்சி. ஊசியால் அக்காவின் சிறுநீரகத்தில் இரண்டு இழை எடுத்தார்கள். அதற்கு முன்பு இன்னொரு முறை லெவலுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

வயிற்றின் மேல் மணல் மூட்டை. ஆறு மணி நேரம் அசையக் கூடாது. என் மனைவி உலகம்மாள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்தாள்.

"ஒங்க ராசிக்கு இன்னைக்கு வெளியூர்ப் பயணம்னு போட்டிருக்கான்."

"சரி."

"தனவரவும் உண்டாம். மூட்டைக்குள்ள பாக்கவா?"

சிரித்தால் வயிறு அசையும்.

ஜூலை 1, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க ரத்தத்துல அக்கா கிட்னிக்கு எதிரா ஆன்டிபாடி வந்திருக்கு சார்" என்றார் டாக்டர் ரெஜினா. "ரெண்டு மூணு வருஷமாவே இருந்திருக்கணும். உள்ள தழும்பு நிறைய. அது திரும்பாது. மிச்சம் இருக்கிறதை எவ்வளவு நாள் இழுக்கலாம்னு பாக்கணும்."

"எவ்வளவு நாள்?"

"ஒரு வருஷம். நல்லா ஒத்துழைச்சா ஒன்றரை. அப்புறம் டயாலிசிஸ்." பிறகு ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "பயாப்சி அன்னைக்கு எடுத்த லெவல் 2.3. அதுக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடி 6.2. எப்படி சார் இப்படி இறங்கும்? மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா? சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டேன்."

நாற்பத்தோரு வயதுப் பெண் என்னிடம், கோபிக்க மாட்டேன் என்று உறுதி கொடுக்கிறார்.

"காலி அட்டைப் பதிவேட்டைப் பாருங்கள்" என்றேன்.

வரவழைத்துப் பார்த்தார். மூன்று வருடம். ஓர் அட்டை குறையவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"அப்போ மாத்திரையிலதான் ஏதோ இருக்கு. ஒரு பேட்ச்ல மருந்து சரியா இருக்கு, இன்னொன்னுல இல்ல."

அது அவராக வந்து சேர்ந்த முடிவு.

ஜூலை 3, வியாழன்

அறக்கட்டளைத் தலைவருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். ஈரப்பதம், கரையும் வேகம், பேட்சுக்குப் பேட்ச் வேறுபாடு என்று மூன்று தலைப்புகள். என் இரண்டு லெவல்களும் சான்றாக. பட்டங்களோடு கையெழுத்து. பதிவுத் தபாலில் அனுப்பினேன். நல்ல கடிதம். பல வருடமாக இவ்வளவு நல்ல கடிதம் நான் எழுதவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள். உள்மதிப்பெண் பட்டியல் முடிந்தது. இரவு மாத்திரை போட்டேன். இப்போது தினமும் போடுகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மேலே 'இப்போது' என்று எழுதியிருக்கிறேன். அதை விளக்க வேண்டும். விளக்கம்தான்; ஒப்புதல் அல்ல.

இந்த மாத்திரை கையை நடுங்கச் செய்யும். எல்லோருக்கும் அல்ல, எனக்கு. மூன்று வருடத்துக்கு முன்பு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு தரம்பார்த்தல் செய்து காட்டினேன். ஒரு கையால் பியூரெட்டின் குழாயைத் திருகி, மறு கையால் குடுவையைச் சுழற்ற வேண்டும். பின் வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான்: "சார் கையில சும்மா குடுத்தாப் போதும்டே, தானாக் கலங்கும்." ஐம்பது பேர் சிரித்தார்கள். அடுத்த வாரம் துறைத் தலைவர், "உங்க உடம்பை உத்தேசிச்சு" என்று சொல்லி என் ஆய்வக வகுப்புகளை எடுத்துத் தன் ஆளுக்குக் கொடுத்தார். இருபத்து நான்கு வருடம் நான் வைத்திருந்த ஆய்வகம்.

நான் படித்தவன். மருந்தின் அரை ஆயுட்காலம் தெரியும். தாளில் போட்டுப் பார்த்தேன். இரவு மாத்திரையை விட்டால் மறுநாள் காலை பத்து மணிக்குக் கை நிற்கும் என்று வந்தது. நின்றது. ஆய்வகத்தைத் திரும்ப வாங்கினேன். ஆறு மாதம் கவனித்தேன்; கிரியாட்டினின் அசையவில்லை. சோதனை வெற்றி என்று குறித்துக்கொண்டேன். பதினோரு வருடத்துச் சிறுநீரகத்துக்கு ஆறு மாதக் கவனிப்பு போதாது என்பது என் இரண்டாமாண்டு மாணவனுக்குத் தெரியும்.

ஓ.பி.க்கு முந்தைய ஐந்து நாளும் இரண்டு வேளையும் போடுவேன். லெவல் சரியாக வரும்.

விட்ட மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்க வேண்டியிருந்தது. அட்டை காலியாகத் திரும்ப வேண்டுமே.

ஜூலை 17, வியாழன்

மருந்து ஜன்னலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இந்த மாத்திரை நிறுத்தப்படுகிறது. வேறு கம்பெனியிடம் கொள்முதல் முடிய மூன்று மாதம் ஆகலாம். அதுவரை வெளியில் வாங்கிக்கொள்ளவும். இந்த மாத்திரையில் இருந்தவர்கள் மொத்தம் நாற்பத்தொரு பேர்.

"உங்க லெட்டர்தான் சார்" என்றார் டாக்டர் ரெஜினா. "மேனேஜ்மென்ட்ல யாரும் வாயே திறக்கல. ஒரு கெமிஸ்ட்ரி புரொஃபசரே எழுதிட்டாரு, நான் என்ன பேசன்னு சேர்மன் கேக்காரு."

பேராசிரியர் என்று இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை. திருத்தவில்லை.

வராந்தாவில் இசக்கியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்ல காரியம் பண்ணுனீரு சார். நாங்க படிக்காதவங்க, குடுத்ததைத் தின்னுட்டுப் போவோம். நீரு இருந்ததால தப்பிச்சோம்."

பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தைவிட அந்தக் கை அதிகம் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. உலகம்மாள் புத்தக அலமாரியைத் துடைத்திருக்கிறாள். கல்லூரியிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில், விட்ட மாத்திரைகளை நான் சேர்த்து வைத்த பிஸ்கட் டப்பா இருந்தது. மூடி தனியாக.

"இது எத்தனைன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"எண்ணவில்லை."

"நான் எண்ணிட்டேன். எழுநூத்திப் பன்னெண்டு."

காப்பியை வைத்தாள். சீனி சரியாகவே இருந்தது.

"மூணு வருஷமா தெனமும் ராத்திரி வெந்நி ஆத்திக் கொண்டாந்து வச்சேன். மாத்திரை போடத்தானேன்னு. அந்தத் தண்ணியைக் குடிச்சதும் நடிப்புதானா?"

"தண்ணீரைக் குடித்தேன்."

"அது நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "ஏன் தூரப் போடல?"

காற்றுப் பட்டுவிட்ட இந்த மாத்திரை ஈரம் இழுத்து வீணாகிவிடும். யாருக்கும் பயன்படாது. அது தெரிந்தே ஒவ்வொன்றாக உள்ளே போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

"மதினிக்குத் தெரியுமா?" என்று அக்காவைக் குறித்துக் கேட்டாள்.

"தெரியாது."

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள். எங்கே வைத்தாள் என்று கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலை அக்கா போன் செய்தாள். "உலகு சொன்னா" என்றாள். அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"எவ்வளவு நாள் வருமாம்?"

"ஒன்றரை வருடம்."

"சரி."

"அக்கா, நான் எதற்காக என்றால்..."

"வேண்டாம்டே. குடுத்தது குடுத்ததுதான். குடுத்த அன்னைக்கே அது எனக்குச் சொந்தமில்ல. ஒங்க அத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு, அது அவரு வாயி. நீ வச்சிருந்தாலும் கெடுத்தாலும் ஒன் பாடு. எங்கிட்ட வந்து காரணம் சொல்லாத."

பதினான்கு வருடமாக யாராவது ஒருவர் இதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். சொன்னவுடன், திட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

"மோர் மிளகா போட்டிருக்கேன்" என்றாள். "ஒனக்கு ஆகாது. உலகுக்குக் குடுத்து விடுதேன்."

ஜூலை 30, புதன்

வகுப்புகள் மட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

கல்லூரி வாசலில் இசக்கியப்பனின் லோடு ஆட்டோ. ஆய்வகத்துக்குப் புதிய ஸ்டூல்கள் இறக்கிக்கொண்டிருந்தான். முகம் உப்பியிருந்தது. அது எனக்குப் பழக்கமான உப்பல்.

"மாத்திரை வாங்குகிறாயா?" என்று கேட்டேன்.

"வாங்குதேன் சார். காலைல ஒண்ணு தவறாமப் போடுதேன். ராத்திரிக்கு மட்டும் விட்டுருதேன். கட்டுப்படியாகல. மூணு மாசந்தானே."

"டாக்டரிடம் சொன்னாயா?"

"சொன்னா ஏசுவாங்க. டெஸ்டுக்கு முன்னால நாலஞ்சு நாளு ரெண்டு வேளையும் போட்டா லெவல் வந்துரும்லா."

"இதை யார் சொல்லிக்கொடுத்தது?"

"இதுக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமா? புத்தி இருக்குல்லா சார்" என்று தலையைத் தட்டிக் காட்டினான்.

நான் சமன்பாடு போட்டு வந்து சேர்ந்த இடத்துக்கு அவன் ஸ்டூல் இறக்கியபடியே வந்துவிட்டான்.

"இரவும் போடு. விடக் கூடாது. விட்டால் ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும். ஆறு மாதம் வரை தெரியாது."

"ஒமக்கு எப்படித் தெரியும்?"

"படித்திருக்கிறேன்."

"நீரு வாங்கித் தாரும், போடுதேன்" என்று சிரித்தான்.

பையில் இருந்த அட்டையைக் கொடுத்தேன். பத்து மாத்திரை. எனக்கும் அவனுக்கும் ஒரே அளவு. வேண்டாம் என்றான், சட்டைப் பையில் திணித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவன் ஒருவன். மற்ற முப்பத்தொன்பது பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் புத்தி இருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டாக்டர் ரெஜினாவின் எண்ணை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன். ஒரு முறை மணி அடித்தது. அவர் திருப்பி அழைத்தார். வாஷிங் மெஷின் கடைக்குப் போட்டது தவறி வந்துவிட்டது என்றேன். "பரவால்ல சார், கால்ல வீக்கம் இருக்கா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

பழைய கால அட்டவணைகளை எடுத்து வைத்துக்கொண்டு, இரவு மாத்திரை விட்ட தேதிகளை மாதவாரியாக எழுதினேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஆய்வகம். அதற்கு முந்தைய இரவுகள். விடுமுறையில் பல நாள் பழக்கத்தில் விட்டவையும் உண்டு. ஒவ்வொரு ஓ.பி.க்கும் முன்னால் ஐந்து நாள் வெற்றிடம். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் கிரியாட்டினினை எழுதினால் மாத்திரை மீது யாரும் பழி சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் நான் எடுத்த பொய் இல்லாத அளவீடு இதுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புதன்கிழமை அறக்கட்டளையின் கூட்டம். பழைய மாத்திரையை நிரந்தரமாக விலக்க அன்று தீர்மானம் போடுவார்கள். வியாழன் ஓ.பி. இசக்கியப்பன் அன்று நல்ல லெவலோடு வருவான். எல்லோரும் திருப்தியாகத் திரும்புவார்கள். நாளை காலையில் தபாலில் போட்டால் உள்ளூர்க் கடிதம் செவ்வாய்க்கிழமை டாக்டர் கைக்குப் போய்ச்சேரும்.

தனியாகக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். எப்படித் தொடங்கினாலும் இரண்டாவது பத்தியில் துறைத் தலைவர் வந்துவிடுகிறார், நான்காவதில் அத்தான். ஆகவே இந்தக் குறிப்புகளையே ஜூன் மூன்றாம் தேதியிலிருந்து நகல் எடுத்தேன். அவர்கள் இதிலும் இருக்கிறார்கள். ஆனால் இதில் நானும் இருக்கிறேன். நேற்றைய பட்டியலையும் சேர்த்துப் பின் குத்தினேன். முதல் பக்கத்தின் மேலே ஒரு வரி எழுதினேன்: "மாத்திரையில் குறை இல்லை. மற்ற நாற்பது பேருக்கும் உடனே திரும்பக் கொடுக்கவும். இரவு மாத்திரை போடுகிறார்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கவும். அட்டையை நம்ப வேண்டாம்."

உலகம்மாள் உறையில் வைப்பதற்கு முன்பு வாங்கிப் பார்த்தாள். முழுவதும் படித்தாள். டப்பா வரும் இடத்தில் நிறுத்தி, மறுபடியும் படித்தாள்.

"பேரு போடலியே."

"இல்லை."

"ரெண்டு பக்கம் படிச்சா அவங்களுக்கு யாருன்னு தெரிஞ்சிருமே."

"தெரியட்டும்."

"பின்ன போட்டா என்னவாம்?"

பெயர் போட்டால் இது மன்னிப்புக் கடிதம் ஆகிவிடும். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் அக்காவிடமிருந்து தொடங்க வேண்டும். அவள் கதவை முன்கூட்டியே சாத்திவிட்டாள். இதை உலகம்மாளிடம் சொல்லவில்லை. "ஸ்டாம்ப் இருக்கிறதா?" என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு வந்தாள். நாக்கில் நனைத்து அவளே ஒட்டினாள்.

பெறுநர் இடத்தில் டாக்டர் ரெஜினாவின் பெயரை எழுதினேன். அனுப்புநர் இடம் வெறுமையாக இருக்கிறது. அப்படியே நாளை தபாலில் சேர்ப்பதாக முடிவு.